கரட்டும் கறுவாவும்

மார்கழி மாதத்து மாலை வேளைகளில் கண்டிக் குளக்கரையைக் கடந்து மேட்டுத் தெருக்களில் ஏறிச் செல்பவர்களை ஒரு மணம் எதிர்கொள்வதுண்டு. கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய் ஆகியவற்றின் வாசனை அடுப்பின் வெப்பத்தில் ஒன்றாகக் கலந்து, சீனி சற்றே கருகும் நெடியோடு சாளரங்களின் வழியே வெளிவரும். நத்தார் நெருங்குகிறது என்பதற்கு அது அடையாளம். நத்தார் கொண்டாடாத வீடுகளிலிருந்தும் அதே மணம் வருவதைக் காணலாம். பாடசாலை விடுமுறையும் குளிரும் சேர்ந்து வரும்போது பிள்ளைகள் ஏதேனும் கேட்காமலிருப்பார்களா?

அம்மணத்துக்குரிய பண்டங்களுள் எளியது கரட் கேக். கரட்டைத் துருவி, வாசனைத் திரவியங்களோடு மாவிற் சேர்த்துச் சிறு கிண்ணங்களில் வார்த்து வேகவைத்தால் அதனை மஃபின் என்பர். பெரிய கேக்கைப்போல அதற்கு மேற்பூச்சு வேண்டியதில்லை. வெட்டிப் பங்கிடவும் வேண்டியதில்லை. ஆளுக்கொன்று. ஆயினும் இச்சிறு பண்டத்தினுள் அடங்கியுள்ள பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தொடங்கினால், மலைநாட்டின் சரித்திரத்திற் பெரும்பகுதி வெளிவந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாட்டி வேகவைக்கும் கலை கண்டியின் பழைய கலை அன்று. கண்டிச் சமையலறையின் பழைய இனிப்புகள் எண்ணெயிற் பொரித்தவை. அல்லது ஆவியில் அவித்தவை. அல்லது பாகிற் கிளறியவை. போறணை என்ற சொல்லே போர்த்துக்கீசர் தந்தது. பாண் என்பதும் அவர்கள் தந்ததே. குசினி என்று அடுக்களையைச் சொல்லும்போதும் அவர்களுடைய மொழியையே பேசுகின்றோம். கறுவாவைத் தேடிக் கப்பலில் வந்தவர்கள் போறணையை விட்டுச் சென்றார்கள். இந்த வாணிபத்தில் யாருக்கு இலாபம் என்பது வேறு கேள்வி.

கறுவாவின் தாயகம் தென்மேற்குக் கரையோரம் என்பது உண்மையே. ஆயினும் அக்காலத்திற் கறுவா தோட்டங்களிற் பயிரிடப்படவில்லை. காடுகளிலே தானாக வளர்ந்தது. அக்காடுகளிற் பெரும்பகுதி கண்டி மன்னனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கரையோரத்தை ஒல்லாந்தர் பிடித்துக்கொண்ட பின்னரும், மலைநாட்டு மன்னன் மனம் வைத்தாலன்றி அவர்களுடைய கப்பல்கள் நிறையா என்ற நிலை இருந்தது. 1747இல் அரியணை ஏறிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் இப்பகை போராக முற்றியது. 1765இல் ஒல்லாந்தப் படை கண்டி நகருக்குள் நுழைந்தது. நிலைத்து நிற்க முடியாமல் வெளியேறியது. மறு ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையில் ஒல்லாந்தர் கேட்டு வாங்கிக்கொண்டவற்றுள் ஒன்று, மன்னனுடைய நிலங்களிற் கறுவாப் பட்டை உரிக்கும் உரிமை. மதுரை நாயக்கர் வழிவந்த மன்னன் ஒருவன் ஐரோப்பியருக்குக் கொடுத்த உரிமை அது. இன்று ஒன்றரைத் தேக்கரண்டித் தூளாக மாவிற் கொட்டப்படுவதும் அதே பட்டைதான்.

அதே பட்டை என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கடைகளிற் கறுவா என்ற பெயரில் வேறு நாடுகளின் தடித்த பட்டையும் விற்கப்படுகிறது. அது கசியா என்னும் இனத்தைச் சேர்ந்தது. ஒற்றைத் தோலாகத் தடித்துச் சுருண்டிருக்கும், கையால் ஒடிப்பது கடினம், காரம் மிகுதி. இலங்கைக் கறுவாவோ மெல்லிய தாள்கள் பலவற்றை ஒன்றனுள் ஒன்றாகச் சுருட்டிய சுருட்டுப்போல இருக்கும், விரல்களுக்கிடையே நொறுங்கும். கசியாவிற் கூமரின் என்ற பொருள் மிகுந்துள்ளது. அதனை அளவுக்கு மீறித் தொடர்ந்து உட்கொண்டால் ஈரலுக்குத் தீங்கு நேரலாம். இலங்கைக் கறுவாவில் அது மிகச் சிறிதளவே உண்டு. ஆதலின் தூளாக வாங்காமற் குச்சியாக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்வதே தக்கது. இடித்த பின்னர் மணம் சிறிது சிறிதாகக் குறைந்துவிடுவதும் இதற்கு மற்றொரு காரணம்.

மற்றத் திரவியங்களுக்குக் கண்டி வாசிகள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கண்டி, மாத்தளைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டம் உலகத்து வேளாண் அறிஞர்கள் வந்து பார்த்துச் செல்லும் தோட்டம். தென்னையும் பலாவும் கித்துளும் மேலே. சாதிக்காயும் கராம்பும் நடுவே. மரத்தைப் பற்றிக்கொண்டு மிளகுக் கொடி. அடியில் இஞ்சி, மஞ்சள். வரிசை பார்த்து நட்டதாகத் தோன்றாது. காடு என்றே புதியவர் எண்ணுவர். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் வீட்டுக்காரருடைய கணக்கில் ஓர் இடம் உண்டு. 1821இல் அமைக்கப்பட்ட பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் செல்பவர்கள் அங்குள்ள சாதிக்காய் மரங்களின் கீழே விழுந்து வெடித்த காயையும், கொட்டையைச் சுற்றியுள்ள சிவந்த வலைபோன்ற வசுவாசியையும் பார்த்திருப்பர். ஏலம் மட்டும் ஈரக் காட்டின் நிழலையே நாடும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளில் ஏலத்துக்காகக் கீழ்க்காட்டை வெட்டியதால் நேர்ந்த சேதம் சிறிதன்று. 2010இல் அம்மலைத்தொடர் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. ஐந்து ஏலக்காய் போதுமான இடத்திற் பத்தைப் போடாதிருப்பது சுவைக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது.

இனிக் கரட். இது வாசனைத் திரவியங்களைப்போன்று இம்மண்ணின் செல்வமன்று, குளிர்நாட்டிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவின் மேட்டுச் சமவெளியில் ஆங்கிலக் கிராமம் ஒன்றை அமைக்க முனைந்தவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் ஊற்றுகளைத் தேடிச் சென்றவரும் அவரே. மாடுகளையும் விதைகளையும் பணியாட்களையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். பேக்கர் என்ற குடும்பப் பெயருக்குப் பாண் வேகவைப்பவர் என்பது பொருள்; கேக்கைப் பற்றிய பேச்சில் அவர் பெயர் வருவது பொருத்தந்தான். அவர் நுவரெலியாவை விட்டுச் சென்றார். குளிர்நாட்டு மரக்கறிகளோ அங்கேயே நிலைத்துவிட்டன. நுவரெலியா, கந்தப்பளை, இராகலை முதலிய இடங்களின் சரிவுகளிற் கரட், கோவா, லீக்ஸ், பீட்ரூட் ஆகியவை விளைந்து, இரவோடிரவாக லொறிகளில் ஏறி, விடியுமுன் கண்டிச் சந்தைக்கு இறங்கி வருகின்றன.

அவற்றை விளைவிப்பவர்களுள் மலையகத் தமிழர் பலர். தேயிலைத் தோட்டத்து வேலை முடிந்த பின்னர், லயத்தின் பின்புறத்துச் சிறு நிலத்திற் பாத்தி கட்டுபவர்களும் உளர். பிறருடைய மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்பவர்களும் உளர். கரட்டின் விலை இவர்களை ஆட்டிவைக்கும் விதம் வியப்புக்குரியது. விளைச்சல் மிகுந்த மாதங்களில் பிடுங்கும் கூலிக்கும் விலை போதாமல் மண்ணிலேயே விடப்படும் கரட், மழையினால் விளைச்சல் கெட்ட 2024 ஜனவரியில் கிலோ 2000 ரூபாவைத் தொட்டது. அம்மாதத்திற் கண்டியிற் கரட் கேக் செய்தவர்கள் இருந்தால் அவர்கள் செல்வந்தர்களாகவே இருக்க வேண்டும். ஆனால் அந்த 2000 ரூபாவிற் கரட்டைப் பிடுங்கியவருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை எந்தச் சந்தைப் பலகையும் எழுதிவைப்பதில்லை.

எஞ்சியிருப்பது மா. இலங்கையிற் கோதுமை விளைவதில்லை. ஒவ்வொரு மணியும் கப்பலில் வருகிறது. 1980இல் திருகோணமலைத் துறைமுகத்தில் மிகப் பெரிய மாவாலை ஒன்று இயங்கத் தொடங்கியது. ஆலை உள்நாட்டிலே இருந்தாலும் தானியம் வெளிநாட்டினதே. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் பர்மா வீழ்ந்து அங்கிருந்து அரிசி வருவது நின்றதும், பங்கீட்டிற் கோதுமை மா முக்கிய இடம் பெற்றது. நகரத்தார்க்கு அது பாணாயிற்று. தோட்டத்தார்க்கு ரொட்டியாயிற்று. விடியற்காலையிற் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண் கையிற் கொண்டுபோவது அந்த ரொட்டியும் சிறிது சம்பலுமே. ஆகவே கோதுமை மாவின் விலை ஏறும்போது கண்டி நகரத்து வீட்டிற் கேக் ஒன்று குறையும். கரட் விளையும் மலையில் ஒரு வேளை உணவு குறையும். 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அருகியபோது தோட்டங்களில் மரணங்கள் மிகுந்தன. அந்நாட்களை நினைவு வைத்திருக்கும் முதியோர் லயங்களில் இன்னும் இருக்கின்றனர். மாவை வீணாக்குவதை அவர்கள் பொறுப்பதில்லை.

2022இல் அந்நாட்களின் நிழல் மீண்டும் விழுந்தது. முந்திய ஆண்டு மே மாதத்திற் செயற்கை உரத்தின் இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அத்தடையை நீக்கினார்கள். அதற்குள் மரக்கறி விளைச்சல் குலைந்திருந்தது. பின்னர் அந்நியச் செலாவணி தீர்ந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டது. ஏப்ரலிற் பன்னிரண்டரைக் கிலோ எரிவாயுக் கொள்கலன் ஒன்றின் விலை ஒரே நாளில் 2185 ரூபா உயர்ந்து 4860 ரூபாவாயிற்று; அவ்விலைக்கும் அது எளிதிற் கிடைக்கவில்லை. கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் பலர். போறணைக்கு மின்சாரமில்லை, அடுப்புக்கு எரிவாயுவில்லை, மாவோ எட்டாத விலை. முட்டைத் தட்டுப்பாடு அடுத்த ஆண்டும் நீடித்து, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை வருவிக்கப்பட்டது.

இதிலொரு விந்தை உண்டு. அதே 2022ஆம் ஆண்டின் பெப்ரவரி மாதத்தில் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பை அளித்தது. இலங்கையின் பொருளொன்றுக்கு அவ்வொன்றியத்திற் கிடைத்த முதற் சிறப்பு அது. உலகம் போற்றும் கறுவா கைவசம் இருந்தது. அதனைச் சேர்ப்பதற்கு மாவில்லை. இன்னொருவருக்குப் பெறுமதியாக இருப்பதையெல்லாம் தோட்டத்தில் வைத்துக்கொண்டு, அன்றாடத்துக்கு வேண்டியதைக் கப்பலில் எதிர்பார்த்திருக்கும் நிலை அவ்வாண்டு அடுப்படிவரை வந்து புரிந்தது.

அந்நாட்களிற் சில வீடுகளில் நடந்த ஒரு மாற்றம் ஈண்டுக் குறிப்பிடத் தக்கது. கோதுமை மாவின் ஒரு பகுதியை நீக்கி அரிசி மாவையோ குரக்கன் மாவையோ சேர்த்தார்கள். வறுமையினாற் செய்த மாற்றமெனினும், கரட் மஃபினைப் பொறுத்தவரையில் அது சுவைக்கு நன்மையே செய்தது. அதற்குக் காரணமும் உண்டு. கோதுமை மாவை நீரிற் பிசையும்போது குளுட்டன் என்ற பசைப் பொருள் வலைபோற் பின்னுகிறது. பாணுக்கு அவ்வலை வேண்டும். அதுவே காற்றைப் பிடித்துவைக்கும். மஃபினுக்கோ அது மிகுந்தாற் கெடுதி. உள்ளே குகைகள்போல ஓட்டை விழுந்து, மேலே கூம்பி, மெல்லும்போது இழுபடும். ஆகவேதான் இப்பண்டத்தின் கலவையை அதிகம் அடிக்கக் கூடாது என்கிறார்கள். அரிசியிலும் குரக்கனிலும் குளுட்டன் இல்லை. நாலில் ஒரு பங்கு அவற்றைச் சேர்த்தாற் பண்டம் மெதுமையாகும். பாதிக்கு மேற் சேர்த்தால் உதிர்ந்துபோகும்.

பன்னிரண்டு மஃபின்களுக்கான அளவு இது. கோதுமை மா 165 கிராம், நன்றாக அரித்த அரிசி மா 60 கிராம், சீனி 100 கிராம், சீவிய கித்துள் கருப்பட்டி 50 கிராம், துருவிய கரட் 200 கிராம், முட்டை இரண்டு, தேங்காயெண்ணெய் 110 மில்லிலீற்றர், தயிர் 60 மில்லிலீற்றர். பேக்கிங் பவுடர் மட்டமாக இரண்டு தேக்கரண்டி. அப்பச்சோடாவும் உப்பும் கால் தேக்கரண்டி வீதம். கறுவாத் தூளின் அளவு முன்னரே சொல்லப்பட்டது. அதனோடு ஐந்து ஏலக்காய், மூன்று கராம்பு ஆகியவற்றை இடித்துச் சேர்க்க வேண்டும். சாதிக்காயைத் துருவியில் நான்கைந்து முறை உரைத்தாற் போதும். சாதிக்காய் மிகுந்தாற் கசக்கும். மிக மிகுந்தால் நஞ்சாகும்.

அரிசி மா நறநறக்காமல் இருப்பதற்கு ஓர் உபாயம் உண்டு. அதனைக் கால் மணி நேரம் தயிரில் ஊறவிட வேண்டும். பின்னர் முட்டை, சீனி, கருப்பட்டி, எண்ணெய் ஆகியவற்றை அதிற் சேர்த்துக் கலக்கலாம். தயிரின் புளிப்பு அப்பச்சோடாவுக்கும் வேண்டும். புளிப்பில்லாத கலவையில் அந்தச் சோடா சவர்க்காரச் சுவையைத் தந்துவிடும்.

கரட்டைத் துருவுவதற்கும் நேரம் உண்டு. கரட்டில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பங்கு நீர். முன்கூட்டியே துருவிச் சீனியோடு வைத்தால் அந்நீர் வெளியேறித் தட்டில் தேங்கும். போறணை சூடேறிய பின்னர் துருவி, பிழியாமல், உடனே சேர்த்தால் வேகும்போது நீர் சிறிது சிறிதாக வெளிப்பட்டு உள்ளே ஈரத்தைக் காக்கும். மறுநாளும் மஃபின் உலராதிருப்பது இதனாலேயே. சீனியின் அளவு குறைவாக இருந்தும் இனிப்புக் குறையாதிருப்பதற்கும் கரட்டே துணை. போர்க்காலத்தில் இங்கிலாந்திற் சீனி பங்கீடாயிருந்தபோது இல்லத்தரசியர் கேக்கிலும் புடிங்கிலும் கரட்டைச் சேர்த்ததும் இக்காரணத்தால்தான்.

நனைந்த கலவையில் உலர்ந்த மாவைக் கொட்டி, மாவின் வெண்மை மறையும்வரை மட்டும் அகப்பையாற் புரட்டி, கரட்டைச் சேர்த்துக் கிண்ணங்களில் முக்கால் பங்கு நிரப்ப வேண்டும். 180 பாகை வெப்பத்தில் இருபது முதல் இருபத்திரண்டு நிமிடம் போதும். பாணுக்கு இடும் ஈஸ்ட்டைக் கறுவா தளர்த்திவிடும். இங்கு ஈஸ்ட் இல்லையாதலாற் கறுவாவைத் தயங்காமற் சேர்க்கலாம்.

இவ்வளவும் கண்டிக்குச் சரி. கண்டி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரம் மாவை அதிகம் பாதிப்பதில்லை. ஆனால் மார்கழிக் காலையிற் கண்டியின் குளிர் தேங்காயெண்ணெயை உறையச் செய்யும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையும் தயிரும் உடனே சேர்ந்தால் எண்ணெய் மணிமணியாகத் திரளும். அவற்றைச் சற்று நேரம் வெளியே வைத்திருக்க வேண்டும். நுவரெலியாவின் கதை வேறு. அங்கே 1868 மீற்றர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். காற்றின் அழுத்தம் குறைவாதலால் மா விரைந்து பொங்கி, வேகுமுன் நடுவிற் குழியும். கண்டியிலிருந்து குறிப்பெழுதிக்கொண்டு போன மருமகள் நுவரெலியா வீட்டில் முதல் நாளே தலைகுனிய நேர்வது கைக்குற்றத்தினால் அன்று, மலையின் குணத்தினால். பேக்கிங் பவுடரில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து, தயிரை ஒரு மேசைக்கரண்டி கூட்டி, போறணையின் வெப்பத்தைச் சற்றே உயர்த்தினால் அவளுடைய மஃபினும் நிமிர்ந்து நிற்கும்.

போறணையே இல்லாத வீடுகள் பல. கரட் விளைகின்ற மலைகளில், லயங்களின் குசினிகளில், விறகடுப்பே இன்றும் பெரிதும் எரிகிறது. அங்கும் இப்பண்டம் வேகும். கனத்த சட்டி ஒன்றில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி, மூடி, பத்து நிமிடம் சூடேற்ற வேண்டும். மணலின் மேல் தேங்காய்ச் சிரட்டையளவான தகரக் கிண்ணங்களில் மாவை வார்த்து வைத்து, தட்டையான மூடியால் மூடி, மூடியின் மேல் தணலைப் பரப்ப வேண்டும். கீழ்த்தீ மெல்லியதாகவும் மேல்தீ சற்று மிகுதியாகவும் இருப்பது நன்று. இருபத்தைந்து நிமிடத்துக்கு முன் மூடியைத் திறக்கலாகாது. பின்னர் ஈர்க்கு ஒன்றை நடுவிற் குத்தி எடுத்துப் பார்க்கலாம். மா ஒட்டாமல் வந்தால் இறக்கிவிடலாம். மூடியின் மேலுள்ள தணலை மட்டும் அணைத்துவிட வேண்டாம். அதனை அடுப்பிலே தள்ளினால் தேநீருக்கு நீர் கொதிக்கும்.